லினக்ஸுக்கு ஒரு பாலபாடம் வேண்டும்

விழா மலர்களிலே சென்ற காலத்தைப் போற்றி எழுதுதல் மரபு. கல்லூரியை நிறுவிய பெரியோரையும், அதனை வளர்த்த அதிபர்களையும், பிரம்பும் அன்பும் ஒருங்கே கொண்டு நம்மை ஆளாக்கிய ஆசிரியர்களையும் நினைந்து நன்றி கூறுதல் நம் கடன். அக்கடனை இம்மலரின் ஏனைய பக்கங்களிலே தகுதி வாய்ந்தோர் செவ்வனே ஆற்றியிருப்பர். ஆதலின் நாம் ஈண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். கல்லூரியின் கணினிக் கூடத்திலே உள்ள கணினிகளை எந்தப் பணிசெயல் முறைமை இயக்குதல் வேண்டும், அதனை நம் மாணாக்கர் எவ்வாறு பழகுதல் வேண்டும் என்பதே அப்பொருள். பார்வைக்கு இது சிறிய காரியம் போலத் தோன்றும். ஆயினும் பழைய மாணவர் சங்கங்கள் வருடந்தோறும் திரட்டும் பணம் எதிலே போய்ச் சேர்கின்றது என்பதோடும், நம் பிள்ளைகள் கற்கும் கல்வி எத்தன்மையது என்பதோடும் இது நெருங்கிய தொடர்புடையது.

இதனை இப்பொழுது பேசவேண்டியதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கு வழங்கிவந்த ஆதரவை 2025 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14 ஆந் திகதியோடு நிறுத்திக்கொண்டது. சிற்சில நிபந்தனைகளோடு சிறிது காலம் நீட்டித்துக்கொள்ள வழியுண்டெனினும் அது நிலையான பரிகாரமன்று. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 என்னும் முறைமையோ, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டி நிற்கின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பிய கணினிகளும், இங்குள்ளோர் சிறுகச் சிறுகப் பணஞ்சேர்த்து வாங்கிய கணினிகளும் பல அந்தத் தகுதி அற்றவை. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, ஆயினும் அவை காலாவதியானவை என்று தள்ளப்படும் நிலை வந்துள்ளது.

இந்நிலையில் நம் முன்னே மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினிகளை வாங்குதல் முதலாவது. 2022 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறியமையையும், இறக்குமதிப் பொருள்களின் விலை அதனோடு ஏறியமையையும் அறிந்தோர், இவ்வழி எல்லாக் கல்லூரிகட்கும் எளிதன்று என்பதை உடன்படுவர். பாதுகாப்பு நின்றுபோன முறைமையையே தொடர்ந்து வைத்திருத்தல், அன்றேல் பூட்டுடைத்த களவுப் பிரதியொன்றைப் புகுத்திக்கொள்ளுதல் இரண்டாவது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவ்வழியை அறியாதார் ஒருவருமிலர். களவு தவறு என்று காலைப் பிரார்த்தனையிலே கற்பித்துவிட்டு, அடுத்த பாடவேளையிலே களவுப் பிரதியின் முன் பிள்ளைகளை இருத்துதல் எத்துணை முரண்பாடு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. லினக்ஸ் என்னும் கட்டற்ற முறைமையை நிறுவுதல் மூன்றாவது. நாம் இம்மூன்றாவது வழியையே ஆதரிக்கின்றோம்.

ஆனால் இவ்வழியை ஆதரிப்போர் பலர் ஓர் உண்மையை மறைத்துப் பேசுகின்றனர். லினக்ஸிலே புதிதாகப் புகும் ஒருவன், ஒரு சிறு மென்பொருளை நிறுவப் புகுந்து படும் பாட்டை அவர்கள் சொல்வதில்லை. எல்லாம் எளிது, எல்லாம் இலவசம் என்று கூறிவிட்டு அகல்வர். அவன் மூன்றாம் நாள் மனஞ் சலித்துப் பழைய களவுப் பிரதிக்கே மீளுவான். அப்பாடுகளை ஒளியாது எடுத்துக் கூறி, அவற்றின் காரணத்தை ஆராய்ந்து, பரிகாரமும் சொல்லுதலே நேர்மையான ஆதரவு என்று கருதுகின்றோம்.

முதலில் லினக்ஸ் இன்னதென்பதைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவிலே றிச்சாட் ஸ்ரோல்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள ஒரு முறைமையை ஆக்கும் நோக்கத்தோடு, குனூ என்னும் திட்டத்தை 1983 ஆம் ஆண்டு அறிவித்தார். 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஆக்கிவந்த கேர்ணல் என்னும் கருப்பகுதியைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. இவ்விரு முயற்சிகளும் இணைந்து பிறந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று வழங்குவது. 2017 ஆம் ஆண்டு நவெம்பர் முதலாக உலகின் மிக வலிய 500 மீக்கணினிகள் யாவும் இதனாலேயே இயங்குகின்றன. நம் பைகளிலே கிடக்கும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் கருவும் லினக்ஸே. ஆதலின் லினக்ஸ் ஏழைகளின் முறைமை என்றோ, விளையாட்டுப் பொருள் என்றோ எண்ணுதல் அறியாமையாகும்.

இனிப் புதியவன் படும் பாடுகளைப் பார்ப்போம்.

பழைய முறைமையிலே பழகியவன் ஒரு மென்பொருள் வேண்டுமாயின் இணையத்திலே தேடுவான். ஏதோவொரு தளத்திலிருந்து கோப்பொன்றை இறக்குவான். அதன்மீது இருமுறை அழுத்துவான். வரும் வினாக்களுக்கெல்லாம் ஆம், ஆம் என்று விடையிறுப்பான். லினக்ஸிலும் அவன் அவ்வாறே செய்கின்றான். இறக்கிய கோப்பை அழுத்துகின்றான், ஒன்றும் நிகழவில்லை. விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட கோப்பு இங்கே ஓடாது என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. உடனே, இது பழுதானது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றான்.

உண்மையிலே இங்கு முறை வேறு. டெபியன், உபுண்டு முதலிய ஒவ்வொரு வழங்கலும் தனக்கெனக் களஞ்சியமொன்று வைத்திருக்கின்றது. டெபியன் களஞ்சியத்திலே 60,000க்கு மேற்பட்ட மென்பொருட் பொதிகள் உள. அவை ஆராய்ந்து அடுக்கப்பட்டவை. அவற்றின் பட்டியல் மின்னொப்பத்தால் உறுதிசெய்யப்பட்டது. வேண்டிய பொதியின் பெயரைச் சொன்னால் அது தானே வந்து தன் இடத்தில் அமரும். வீதியோரத்திலே யாரோ விற்கும் மருந்தை வாங்கியுண்பதற்கும், மருந்துச்சாலையிலே பெயர் சொல்லிப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இதனை முதல்நாளிலேயே விளக்கினால் புதியவனுடைய துன்பத்திற் பெரும்பகுதி நீங்கும். விளக்குவோர் அரியர்.

இரண்டாவது பாடு, சார்பு பற்றியது. ஒரு மென்பொருள் தனித்து இயங்குவதில்லை; வேறு பல நிரல்களைச் சார்ந்து நிற்கும். லினக்ஸின் தொடக்க ஆண்டுகளிலே ஒரு பொதியை நிறுவப் புகுந்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அதனைத் தேடிக் கொணர்ந்தால் அது மூன்றாவதைக் கேட்கும். மூன்றாவது, முதலாவதின் வேறொரு பதிப்பைக் கேட்கும். சம்பந்தம் பேசச் சென்ற வீட்டிலே ஒவ்வொரு மாமனாக அழைத்து வரச் சொன்ன கதைதான். 1999 ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 2.1 பதிப்பிலே ஆப்ட் என்னும் கருவி புகுத்தப்பட்டது. அது சார்புகளைத் தானே கணக்கிட்டு ஒருங்கே கொணரும். அன்று முதல் இத்துன்பம் பெரிதுங் குறைந்தது. எனினும் களஞ்சியத்துக்கு வெளியே, வேறு பதிப்புக்கென ஆக்கிய பொதியை ஒருவன் வலிந்து புகுத்துவானாயின் அப்பழைய சிக்கல் இன்றும் தலைகாட்டும்.

மூன்றாவது, முனையம் என்னும் கருந்திரை. அங்கே கட்டளையைத் தட்டெழுதல் வேண்டும். சூடோ என்ற சொல்லை முன்னிட்டுக் கட்டளை கொடுத்தால் அது கடவுச்சொல்லைக் கேட்கும். புதியவன் தட்டுகின்றான், திரையிலே ஓர் எழுத்துந் தோன்றவில்லை, புள்ளிதானும் இல்லை. விசைப்பலகை பழுதென்று எண்ணி எழுந்துவிடுகின்றான். அருகிருப்போர் கடவுச்சொல்லின் நீளத்தைத்தானும் அறியாதிருக்கும்பொருட்டுப் பல வழங்கல்கள் அதனை மறைக்கின்றன என்ற ஒரு வாக்கியத்தை அவனுக்குச் சொல்லியிருந்தால் அவன் எழுந்திருக்கமாட்டான். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் அங்கே வெவ்வேறாகக் கொள்ளப்படும் என்பதும் அத்தகைய மற்றொரு வாக்கியம்.

நான்காவது, பூட்டு. கணினியை இயக்கிய சில நிமிடத்துள் ஒரு பொதியை நிறுவ முயன்றால், பூட்டைப் பெறமுடியவில்லை என்று ஆங்கிலத்திலே ஒரு செய்தி வரும். வேறொன்றுமன்று, முறைமை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கின்றது. இரு கணக்கர் ஒரே பேரேட்டில் ஒரே வேளையில் எழுதினால் கணக்குக் குழம்பும் அன்றோ? ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கவேண்டும் என்பதே அப்பூட்டின் கருத்து. பொறுத்திருந்தால் போதும். ஆனால் இணையத்திலே தேடுபவனுக்கு, பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்னும் அவசர உபதேசமே பெரும்பாலும் முதலிற் கிடைக்கின்றது. அவன் அழிக்கின்றான், பேரேடு குழம்புகின்றது, மறுநாள் ஒன்றும் நிறுவ முடிவதில்லை.

இதிலிருந்து ஐந்தாவது பாடு பிறக்கின்றது. பொருள் விளங்காத கட்டளையை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டும் பழக்கம் அது. சூடோ என்பது வீட்டுத் திறவுகோலை ஒப்பானது. அதனோடு கூடிய கட்டளை முறைமை முழுவதையும் மாற்றவல்லது. ஒரு வரியில் எல்லாக் கோப்புகளையும் அழிக்கவும் வல்லது. பொருளறியாது மந்திரம் ஓதினால் பலன் இல்லாது போகலாம். பொருளறியாது கட்டளை இட்டால் உள்ளதும் போய்விடும்.

ஆறாவது, தெரிவுகளின் மிகுதி. ஒரு மென்பொருளைத் தேடினால் அது டெப் என்றும், ஆர்பிஎம் என்றும், பிளற்பக் என்றும், ஸ்னப் என்றும், அப்இமேஜ் என்றும் பல வடிவங்களிலே கிடைக்கும். இவற்றுள் எதுவுமன்றி மூலநிரலாகவே சுருட்டிக் கட்டிய மூட்டையாகவும் கிடைக்கும். அதனை அவிழ்த்து, அமைத்து, தொகுத்து, நிறுவுதல் வேண்டும். அறிந்தோர்க்கு இது சுதந்திரம். அறியாதார்க்கு இது சந்தை நெரிசல். டெபியன், உபுண்டு வழிவந்தவற்றுக்கு டெப், பெடோரா, றெட் ஹற் வழிவந்தவற்றுக்கு ஆர்பிஎம், களஞ்சியத்தில் இல்லாதபோது மாத்திரம் ஏனையவை, மூலநிரலோ கடைசியில் என்று ஓர் ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தால் நெரிசல் தீரும்.

ஏழாவது நமக்கே உரியது. அது தமிழ். குடாநாட்டின் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பல்லாண்டு காலமாகப் பாமினி என்னும் எழுத்துருவிலே ஆவணங்கள் ஆக்கப்பட்டன. அது ஒருங்குறி அன்று. ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அவ்வாவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களின் குவியலே தோன்றும். லினக்ஸுக்கு மாறிய ஆசிரியர் தம் பழைய வினாத்தாளைத் திறந்து திகைத்து, லினக்ஸ் தமிழை அறியாது என்று முடிவு கட்டுகின்றார். உண்மை நேர்மாறானது. லினக்ஸ் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே அறியும். ஐபஸ் முதலிய உள்ளீட்டுக் கருவிகளால் தமிழிலே தட்டெழுதவும் இயலும். பாமினி எழுத்துருவை நிறுவினால் பழைய ஆவணத்தை வாசிக்கலாம். மாற்றியொன்றின் உதவியால் அதனை ஒருங்குறியாக்கிப் பாதுகாக்கலாம். எந்த முறைமையை வைத்திருப்போரும் என்றேனும் செய்தேயாகவேண்டிய வேலை இது. நூலகத்தை 1981 ஆம் ஆண்டிலே தீக்கு இரையாகக் கொடுத்த ஊர், தன் எழுத்துக்களை வாசிக்கமுடியாத வடிவிலே விட்டுவைத்தல் தகாது.

இவ்வேழனையும் நோக்குமிடத்து ஒன்று புலப்படும். இவற்றுள் எதுவும் மாணாக்கனின் மந்தபுத்தியாலோ சோம்பலாலோ நேர்ந்ததன்று. ஒவ்வொன்றும் உரிய வேளையிலே ஒரு வாக்கியத்தை ஒருவர் சொல்லாமையால் நேர்ந்தது. லினக்ஸ் அறிந்தோர் சிலரிடம் வினாவினால், கைந்நூலைப் படித்துப் பார் என்று விடை கூறுவர். கைந்நூல் ஆங்கிலத்திலே உள்ளது; அதுவும் அறிந்தவர் அறிந்தவர்க்கு எழுதியது. ஏழாம் வகுப்பு மாணாக்கனுக்கு நன்னூற் காண்டிகையுரையைக் கையிற் கொடுத்து, இலக்கணம் கற்றுக்கொள் என்று அனுப்புவது போன்றது அது. அக்காண்டிகையுரை அரிய நூல் என்பதில் ஐயமில்லை. அவனுக்கு அதற்கு முன்னே வேறொன்று வேண்டும் என்பதே நம் வாதம்.

இந்த உண்மையை யாழ்ப்பாணம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் முன்பே அறிந்திருந்தது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பள்ளி இருந்தால் மாத்திரம் போதாது, பிள்ளைகளின் கையிலே புத்தகம் இருத்தல் வேண்டும் என்று கண்டு, 1849 ஆம் ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்தார். பின்பு, சிறுவர் படிப்படியாக ஏறிச் செல்லத்தக்க பாலபாடங்களை ஆக்கினார். பெரும் புராணங்களுக்கு உரையும் வசனமும் எழுதவல்ல அப்பேரறிஞர், எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு நூல் செய்தலைத் தம் தகுதிக்குக் குறைவென எண்ணினாரல்லர். அச்சியந்திரம் பிறர் கையில் இருக்கும்வரை நம் கல்வி நம் கையில் இல்லை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். இன்றைய அச்சியந்திரம் கணினி. அதனை இயக்கும் நிரலைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா என்னும் வினா அன்றைய வினாவின் தொடர்ச்சியே.

மருத்துவர் சாமுவேல் கிறீனையும் ஈண்டு நினைத்தல் தகும். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயிலே இருந்து மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். அதன்பொருட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். மனித உடலின் உட்கூறுகளையே தமிழிலே கற்பித்த மண்ணில், ஒரு பொதியை நிறுவும் முறையைத் தமிழிலே சொல்ல இயலாது என்று கூறுவது பொருந்துமா?

தமிழர் இதிலே முற்றுமுழுதாக உறங்கிக் கிடந்தனர் என்றும் கூறுதல் ஆகாது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே தமிழகத்தாரும் ஈழத்தாரும் புலம்பெயர்ந்தோருமாகிய ஆர்வலர், கேடிஈ, குனோம் முதலிய லினக்ஸ் இடைமுகங்களை ஊதியமின்றித் தமிழாக்கினர். அவர்தம் உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் பட்டியலிலே உள்ள சொற்களைத் தமிழாக்குதல் ஒன்று. தடுமாறி நிற்பவனுக்கு வழிகாட்டுதல் மற்றொன்று. பெயர்ப்பலகைகள் தமிழில் உள்ளன. வழி கூறுவாரைக் காணோம்.

அயல்நாட்டு அனுபவமும் இதனையே காட்டும். கேரள மாநிலத்திலே 2001 ஆம் ஆண்டு தொடங்கிய ஐ.ரி. அற் ஸ்கூல் என்னும் திட்டத்தின்கீழ், அரச பாடசாலைகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. இன்று அத்திட்டம் கைற் என்னும் பெயரோடு தொடர்கின்றது. அங்கே முறைமையை மாற்றியதோடு அமையாது, ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தனர். மலையாளத்திலே பாடநூல் எழுதினர். பாடசாலைக்கு வேண்டிய மென்பொருள்களை முன்னமே சேர்த்து ஒரு தனி வழங்கலாக்கி, ஒவ்வொருவரும் தேடி அலையும் வேலையை ஒழித்தனர். தமிழகத்திலே 2011 ஆம் ஆண்டு முதலாக மாணாக்கர்க்கு இலவச மடிக்கணினிகள் வழங்கப்பட்டபோது, விண்டோஸோடு பொஸ் என்னும் இந்திய லினக்ஸும் அவற்றிலே சேர்க்கப்பட்டிருந்தது. ஆயினும் இரண்டும் அருகருகே இருக்கும்பொழுது பழகியதையே கை நாடும் என்பது மனித இயல்பு. முறைமையைக் கொடுத்தல் பாதி வேலை. பழக்குதல் மறு பாதி.

நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்தல் முறை. வேலைத்தலங்களிலே மைக்ரோசொப்ற் மென்பொருள்களே வழங்குகின்றன, லினக்ஸ் கற்றவன் என் செய்வான் என்பர் சிலர். அட்டவணை ஒன்றை ஆக்கும் நெறி, கடிதம் ஒன்றை அமைக்கும் நெறி என்பன ஒரு நிறுவனத்தின் சொத்தல்ல. லிப்ரே ஒபிஸிலே அவற்றைக் கற்றவன் மற்றதை ஒரு வாரத்திலே பழகுவான். அன்றியும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் மென்பொருட்டுறையிலே பணிபுரியும் நம் பழைய மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அவர்தம் வழங்கிக் கணினிகளுட் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குவதாகக் கூறுவர். க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திலே கற்பிக்கப்படும் பைதன் மொழி, முதன்மையான லினக்ஸ் வழங்கல்களிலே முன்னமே நிறுவப்பட்டு வருகின்றது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்யும்பொருட்டு இலங்கையரே ஆக்கிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னர் பிற நாடுகளிலும் பயன்பட்டது. ஆகவே இது இந்நாட்டுக்குப் புதிய பாதையும் அன்று.

வேறு சிலர், லினக்ஸ் எல்லாப் பழங்கணினிகளையும் உயிர்ப்பிக்கும் என்பது மிகை என்பர். அவர் கூறுவது உண்மை. மிகப் பழைய 32 பிற்றுக் கணினிகளுக்கு முதன்மை வழங்கல்களே கதவடைத்து வருகின்றன. 2025 ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 13 பதிப்பை அவற்றிலே புதிதாக நிறுவ இயலாது. சில வை-பை உறுப்புகளும் சில பிறின்ரர்களும் முரண்டுபிடிக்கும். ஆயினும் விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகளுட் பெரும்பாலானவை 64 பிற்றுக் கணினிகளே. அவற்றிலே லுபுண்டு, சுபுண்டு முதலிய எளிய வழங்கல்கள் இனிது இயங்கும். சந்தேகம் இருப்பின், முறைமையை யூ.எஸ்.பி. கோலொன்றில் ஏற்றி, வன்தட்டிலே ஒன்றையும் மாற்றாது இயக்கிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

முனையத்திலே கட்டளை தட்டுதல் நம் பிள்ளைகட்குக் கடினம் என்பார்க்கு ஒன்று நினைவூட்ட விரும்புகின்றோம். 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை; எரிபொருளும் அரிதாயிற்று. அப்பொழுது மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிளை ஓட்டியவர் யார்? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர் யார்? ஜாம் போத்தலிலே திரியிட்டு அவ்விளக்கொளியிலே உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர் யார்? அவர்கள் இம்மலரை வாசிக்கும் பழைய மாணவரே. பொருளின் உள்ளே இருப்பதை அறிந்து, அதனைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்ட தலைமுறை அது. அத்தலைமுறையின் பிள்ளைகட்குக் கருந்திரை அச்சமூட்டும் என்று நாம் நம்பவில்லை.

இனி, செய்யத்தக்கன இவையென நாம் கருதுவனவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, ஒரு கல்லூரி ஒரு வழங்கலையே தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஆளுக்கொன்று விரும்புதல் அறிந்தோர் பொழுதுபோக்கு. வகுப்பறைக்கு அது ஆகாது. ஐந்தாண்டு அளவில் ஆதரவு தரும் நிலையான பதிப்பொன்றைத் தெரிந்து, கூடம் முழுவதிலும் அதனையே நிறுவுதல் நன்று.

இரண்டாவது, களஞ்சியத்தின் பிரதி ஒன்றைக் கல்லூரியிலேயே வைத்தல் வேண்டும். முப்பது கணினிகள் ஒரே பொதியை முப்பது முறை இணையத்திலிருந்து இறக்குதல் வீண் செலவு. ஒரு பழைய கணினியை இதற்கென ஒதுக்கி, ஒருமுறை இறக்கியதை எல்லாருக்கும் வழங்கச் செய்யலாம். இணைப்பு அறுந்த நாளிலும் பாடம் நடைபெறும். மாணாக்கர் வீட்டுக் கணினிக்கும் அங்கிருந்தே யூ.எஸ்.பி. கோலில் எடுத்துச் செல்லலாம்.

மூன்றாவது, நாம் தலைப்பிலே கூறிய பாலபாடம். நாற்பது பக்கத்துக்கு மேற்படாத சிறு நூல். மேலே கூறிய ஏழு பாடுகளும் அதன் ஏழு பாடங்களாகலாம். திரையிலே ஆங்கிலத்திற் தோன்றும் பிழைச் செய்தியை உள்ளவாறே அச்சிட்டு, அதன் கீழே அதன் பொருள், காரணம், செய்யவேண்டியது, செய்யக்கூடாதது என்பவற்றைத் தமிழிலே எழுதுதல் வேண்டும். அதனைப் பெரும்புலமையுடையார் எழுதத் தேவையில்லை. சென்ற ஆண்டு இடர்ப்பட்டு இவ்வாண்டு தெளிந்த மாணாக்கரே அதற்கு ஏற்ற ஆசிரியர். எங்கே கால் இடறும் என்பதை அவரே மறவாதிருப்பர். அவர் எழுதியதைத் துறைபோன பழைய மாணவர் சரிபார்த்துக் கொடுப்பாராக. ஆண்டுதோறும் அடுத்த வகுப்பார் அதனைத் திருத்தி வெளியிடுவாராக.

நான்காவது, பழைய மாணவரின் நேரம். கணினி வாங்கப் பணம் அனுப்புதல் நன்று. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பணம் அனுப்புவோர் நூற்றுவராயின், மாதம் ஒரு மணிநேரம் தருவோர் பத்துப்பேரேனும் வேண்டும். சனிக்கிழமை தோறும் ஒருவர் மாறி ஒருவர் திரையின் வழியே தோன்றி, மாணாக்கர் அவ்வாரம் சந்தித்த இடர்களைக் கேட்டு விடை கூறுவாராயின், ஓராண்டிலே கல்லூரியுள்ளேயே பத்து வழிகாட்டிகள் உருவாவர். அதன்பின் அவர் இல்லாமலே வேலை நடக்கும். விடை கூறுங்கால், இதுகூடத் தெரியாதா என்னும் சொல்லை மாத்திரம் விலக்குதல் வேண்டும். பல மாணாக்கர் லினக்ஸை விட்டு ஓடியதற்கு முனையத்தைவிட அச்சொல்லே பெரிய காரணம்.

ஐந்தாவது, ஆசிரியர்க்கு மதிப்பளித்தல். பாடத்திட்டத்தை முடிக்கும் சுமையோடு புதிய முறைமையையும் கற்கவேண்டியவர் அவரே. விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சியும், அவர்தம் பழைய பாமினி ஆவணங்களை ஒருங்குறியாக்கிக் கொடுக்கும் உதவியும் முதலிற் செய்யப்படுமாயின், அவர் எதிர்ப்பவராக இராது முன்னின்று நடத்துவார்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. புதிய கணினி ஒன்றிரண்டின் விலைக்குள்ளேயே களஞ்சியமும் நூலும் அடங்கும். வேண்டுவது, இது நம் வேலை என்று சிலர் ஏற்றுக்கொள்ளுதல். மாணாக்கருக்கும் ஒரு சொல். நிறுவ முயன்ற பொதி நிறுவப்படாதபோது திரையிலே தோன்றும் செய்தியை மூடிவிடாதீர்கள். அதனை வாசியுங்கள்; ஏட்டிலே எழுதிக்கொள்ளுங்கள்; என்ன செய்தபோது வந்தது என்பதையும் எழுதுங்கள். அவ்வேடு உங்களுக்குப் பின் வருவோர்க்கு ஒரு பாடநூலின் முதற்பக்கமாகும். மூன்றாம் நாள் சலிப்பு எல்லார்க்கும் வரும். அதனைக் கடந்து நான்காம் நாளும் கூடத்துக்கு வாருங்கள்.

நம் கல்லூரிகளை நிறுவியோர், கட்டடம் எழுப்பியதோடு தம் பணி முடிந்ததென எண்ணவில்லை. அங்கே என்ன மொழியில், எந்நூலை, யார் கற்பிப்பது என்பதைப் பற்றியே மிகுதியும் கவலையுற்றனர். கணினிக் கூடத்துக்கும் அக்கவலை உரியது. இவ்விழா ஆண்டிலே நம் சங்கத்தின் செயற்குழு இதனைத் தன் நிகழ்ச்சி நிரலிலே ஒரு விடயமாகச் சேர்த்து, அடுத்த தவணை தொடங்குமுன் பாலபாடத்தின் முதற்பாடத்தையேனும் அச்சேற்றுவதாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.